சூடு ஓரிடம், கோளாறு ஓரிடம்: வேலைக்குப் போய்க்கொண்டே கணிதமும் இயற்பியலும் மறுபடி படிப்பவர்களுக்கு

நான் நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மூன்று வருடமாக வீட்டிலேயே பள்ளிக் கணிதத்தையும் இயற்பியலையும் அடியிலிருந்து படித்து வருகிறேன். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் பாடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

மில்லில் ஒரு மோட்டார் சூடாகிறது என்று போன் வந்தால் உடனே மோட்டாரைக் கழற்ற மாட்டோம். பெல்ட் அதிக இறுக்கமா, பேரிங் போயிருக்கிறதா, ஒரு பேஸ் வரவில்லையா என்று வரிசையாகப் பார்ப்போம். சூடு தெரிகிற இடம் ஒன்று, கோளாறு இருக்கிற இடம் வேறு. படிப்பிலும் இதையேதான் பார்க்கிறேன். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் முட்டிக்கொண்டு நிற்பவருக்குப் பெரும்பாலும் கோளாறு எட்டாம் வகுப்புப் பின்னத்திலோ ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்திலோ இருக்கும். அது தெரியாமல் "நமக்கு மண்டையில் ஏறாது" என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அப்படி மூடிய நாலைந்து பேரைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கீழே உங்களுக்குப் பொருந்துகிற அறிகுறி எதுவோ, நேரே அங்கே போங்கள்.

"படிக்கும்போது எல்லாம் புரிகிறது. புத்தகத்தை மூடினால் ஒரு வரி ஓடவில்லை."

எல்லோருக்கும் வருவது இதுதான். எடுத்துக்காட்டுக் கணக்கைக் கண்ணால் மட்டும் படித்திருக்கிறீர்கள். அடுத்த வரி ஏன் வந்தது என்பது, வந்த பிறகு பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். வருவதற்கு முன்னால் அதை நீங்களே யோசித்து எழுத முடியுமா என்பதுதான் கேள்வி.

சோதனை இது. தீர்வு கொடுத்திருக்கும் ஒரு கணக்கை எடுங்கள். தீர்வின் மேல் ஒரு தாளை வைத்து மூடுங்கள். கேள்வியை மட்டும் படித்து முதல் வரியை எழுதுங்கள். எழுத முடியவில்லையா, தாளை ஒரே ஒரு வரி கீழே இறக்குங்கள். பார்த்ததும் மறுபடி மூடிவிட்டு அடுத்த வரிக்கு முயலுங்கள். எத்தனை முறை தாளை இறக்கினீர்கள் என்று ஓரத்தில் ஒரு எண் போட்டு வையுங்கள். மறுநாள் அதே கணக்கை மறுபடி. முதல் நாள் ஆறு முறை இறக்கியது மறுநாள் இரண்டாகும், மூன்றாம் நாள் பூஜ்ஜியம் ஆகும். அந்தப் பூஜ்ஜியம் வந்த பிறகுதான் பயிற்சிக் கணக்குக்குப் போக வேண்டும். மெதுவாகத் தெரியும். ஆனால் இதைவிட வேகமான வழி எதையும் நான் கண்டதில்லை.

"வீடியோ பார்த்தால் தெளிவாக இருக்கிறது, அப்புறம் ஒன்றுமே நிற்கவில்லை."

மேலே சொன்ன அதே கோளாறுதான். ஆசிரியர் கேள்வியைப் படித்து முடித்ததும் நிறுத்துங்கள். நீங்கள் போடுங்கள். பிறகு ஓடவிடுங்கள். கையில் பேனா இல்லாத நேரத்தில் கணக்கு வீடியோ பார்க்க வேண்டாம்.

"முறை சரிதான், விடைதான் தப்பாக வருகிறது."

இதைக் "கவனக்குறைவு" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். ஒரே கவனக்குறைவு மூன்று முறை வந்தால் அது பழக்கம். இந்த ஒன்பதையும் கால்குலேட்டர் இல்லாமல் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்:

1/2 + 1/3
−3²
(−3)²
√(9 + 16)
(2 + 3)² என்பது 2² + 3² தானா?
0.02 × 0.3
5 − (2 − 7)
3/4 ÷ 1/2
10⁻³ × 10⁵

விடைகள் வரிசையாக: 5/6, −9, 9, 5, இல்லை (25-க்குப் பதில் 13 வந்துவிடும்), 0.006, 10, 3/2, 100. இரண்டுக்கு மேல் தப்பினால் இயற்பியலை இரண்டு மாதம் ஓரமாக வைத்துவிட்டு எட்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை எடுங்கள். தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் ஒன்று முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் அச்சுப் புத்தகம்தான் வாங்கினேன், ஓரத்தில் எழுதத் தோதாக இருக்கும் என்று.

இந்தப் பின்னக் கோளாறு மேலே போய் எப்படி இடிக்கும் என்பதற்கு என் தொழிலிலிருந்தே ஒன்று சொல்கிறேன். 6 ஓம், 3 ஓம் இரண்டு மின்தடைகள் பக்க இணைப்பில். தலைகீழிகளைக் கூட்ட வேண்டும்: 1/6 + 1/3. இங்கே மேலே மேலே, கீழே கீழே கூட்டி 2/9 என்று எழுதி, புரட்டி 4.5 ஓம் என்று முடிப்பவர்கள் உண்டு. முறை தெரிந்திருக்கிறது, பின்னம் தெரியவில்லை. சரியாகப் போட்டால் 1/6 + 2/6 = 1/2, ஆக 2 ஓம். இன்னும் சிலர் 1/2 வரை வந்துவிட்டுப் புரட்ட மறந்து அரை ஓம் என்பார்கள். பக்க இணைப்பில் கூடுதல் பாதை திறக்கிறது, அதனால் மொத்தத் தடை இருப்பதிலேயே சின்னதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். 4.5 என்பது 3-ஐவிடப் பெரியது என்று கண்ட உடனேயே பேனாவை நிறுத்தியிருக்க வேண்டும்.

இன்னொரு பழைய நோய், "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தது. கூட்டலுக்கு அது வேலை செய்யும். இறுதி வேகம் = தொடக்க வேகம் + முடுக்கம் × நேரம் என்பதிலிருந்து முடுக்கத்தைத் தனியே எடுக்கச் சொன்னால், இந்த விதியை மட்டும் நம்பியவர் நேரத்தையும் அந்தப் பக்கம் தள்ளிக் கழித்துவிடுவார். பெருக்கி நிற்பதை வகுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு மாதம் இந்த "அந்தப் பக்கம்" பேச்சையே விட்டுவிடுங்கள். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே காரியம் செய்கிறேன் என்று ஒவ்வொரு வரியிலும் எழுதிக் காட்டுங்கள்: இரண்டு பக்கமும் தொடக்க வேகத்தைக் கழிக்கிறேன், இரண்டு பக்கமும் நேரத்தால் வகுக்கிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஒரு மாதத்தில் கை தானாகச் சரியாகிவிடும்.

தப்புக்கென்று தனி நோட்டு ஒன்று வையுங்கள். தேதி, தப்பு, எந்த வரியில் நடந்தது. எனக்கு முதல் ஆறு மாத நோட்டைப் புரட்டினால் பாதிக்கு மேல் அடைப்புக்குறிக்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறிதான்.

"எந்தச் சூத்திரம் போடுவது என்றே தெரியவில்லை."

சூத்திரத்தைத் தேடிக்கொண்டே கேள்வியைப் படிக்கிறீர்கள். முதலில் படம். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. வண்டிக்கு ஒரு பெட்டி, போகும் திசைக்கு ஒரு அம்பு, விசைக்கு வேறு நிறத்தில் அம்பு. பக்கத்தில் இரண்டு பத்தி: தெரிந்தவை, கேட்பவை.

60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி பிரேக் போட்டதும் நொடிக்கு நொடி 5 மீட்டர்/நொடி வேகம் குறைகிறது என்றால் எத்தனை மீட்டரில் நிற்கும்? தெரிந்தவை: தொடக்க வேகம், இறுதி வேகம் பூஜ்ஜியம், முடுக்கம். கேட்பது: தூரம். பத்தியைப் பார்த்தால் நேரம் எங்குமே இல்லை. அப்படியானால் நேரம் வராத சமன்பாடுதான் வேண்டும், வேக வர்க்கம் வருகிறதே, அது: இறுதி வேக வர்க்கம் = தொடக்க வேக வர்க்கம் + 2 × முடுக்கம் × தூரம். இயக்கச் சமன்பாடுகள் மூன்றில் எது என்று தேர்ந்தெடுக்க எனக்கு உதவியது இந்த ஒரு கேள்விதான்: எது கேள்வியில் வரவே இல்லை?

60-ஐ 3.6-ஆல் வகுத்தால் நொடிக்கு 16.67 மீட்டர். அதன் வர்க்கத்தை 2 × 5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 27.8 மீட்டர். அப்படியே 80 கி.மீ.க்கும் போட்டுப் பாருங்கள், 49.4 வரும். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, நிற்கும் தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கை நெருங்குகிறது. இது பிரேக் பிடித்த பிறகு மட்டும். பிரேக்கை மிதிக்க ஒரு நொடி தாமதித்தால் 80-இல் இன்னும் 22 மீட்டர் போய்விடும். நைட் ஷிப்ட் முடிந்து வண்டியில் வரும்போது இந்தக் கணக்கு எனக்கு ஞாபகம் வரும். உண்மையாகவே மெதுவாக ஓட்டுகிறேன்.

"எண் வருகிறது. அது சரியா தப்பா என்று சொல்லத் தெரியவில்லை."

அலகை எழுதாமல் எண்ணை மட்டும் சுமந்துகொண்டு போகிறீர்கள். ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதி, அலகையும் எண்ணைப் போலவே பெருக்கி வகுத்து வாருங்கள். தூரம் கேட்ட கணக்கில் கடைசியில் மீட்டர்/நொடி மிஞ்சினால் எங்கோ தப்பு. பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1999-இல் செவ்வாய்க்குப் போன நாசாவின் விண்கலம் ஒன்று, ஒரு தரப்பு பவுண்டு அலகிலும் இன்னொரு தரப்பு நியூட்டன் அலகிலும் கணக்கு வைத்திருந்ததால் கோளை நெருங்கும்போது தொலைந்துபோனது.

அலகு உடம்பில் ஊற வீட்டுக் கணக்கு போடுங்கள். கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். மாடித் தொட்டிக்கு 1000 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் ஏற்ற எவ்வளவு ஆற்றல்? 1000 கிலோ × 9.8 × 10 = 98,000 ஜூல். யூனிட்டில் 0.027 தான். பம்ப், பைப் நஷ்டமெல்லாம் சேர்ந்து நிஜத்தில் இதைப்போல் சில மடங்கு ஆகும். இருந்தாலும் அந்த ஒரு யூனிட்டுக்குள் எவ்வளவு பெரிய வேலை அடங்கியிருக்கிறது என்று முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று அந்தத் தாளை நான் கிழித்துப் போடவில்லை. இன்னும் வைத்திருக்கிறேன்.

"சைன், காஸ் எல்லாம் மனப்பாடம் செய்கிறேன், மறந்துபோகிறது."

மனப்பாடம் செய்வதை நிறுத்துங்கள். ஒரு மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டம், அதன் நடுவிலிருந்து சாய்வாக ஒரு குச்சி. குச்சி நுனி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது சைன். அதன் நிழல் தரையில் எவ்வளவு நீளம் என்பது காஸ். குச்சி படுத்திருந்தால் உயரம் 0, நிழல் 1. நிமிர்ந்து நின்றால் உயரம் 1, நிழல் 0. நோட்டில் 10 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்து, 30, 45, 60 பாகைக்கு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 30-க்கு உயரம் சரியாக 5 செ.மீ. வரும்போது அட்டவணை உங்கள் சொந்தமாகிவிடும்.

இந்தச் சைன் என்ற பெயரே ஒரு கதை. ஆரியபட்டர் கி.பி. 499 வாக்கில் அட்டவணை போட்டபோது வட்டத்தின் அரை நாணைத்தான் கணக்கிட்டார். அதற்குச் சமஸ்கிருதத்தில் வில்லின் நாணைக் குறிக்கும் ஜ்யா என்ற சொல். தமிழிலும் வில்லில் கட்டுவதும் நாண், வட்டத்துக்குள் வரைவதும் நாண். ஜ்யா அரபியில் ஜீபா என்று போனது. அரபியில் உயிரெழுத்துகளை விட்டு எழுதுவதால் பின்னால் வந்தவர்கள் அதை ஜைப் என்று வாசித்துவிட்டார்கள். ஜைப் என்றால் ஆடையின் மடிப்பு. லத்தீன்காரர்கள் மடிப்பையே மொழிபெயர்த்து சைனஸ் என்றார்கள். வில் கதை தெரிந்த பிறகு எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை.

எலக்ட்ரீஷியன்களுக்கு இன்னும் நெருக்கமான முக்கோணம் ஒன்று பேனல் போர்டிலேயே இருக்கிறது. பவர் ஃபேக்டர் மீட்டரில் காஸ் ஃபை என்று எழுதியிருப்பதை இருபது வருடம் பார்த்தும் அந்தக் காஸ் எந்தக் காஸ் என்று நான் கேட்டதே இல்லை. செங்கோண முக்கோணத்தின் சாய்ந்த பக்கம், அதாவது லைனிலிருந்து இழுக்கும் மொத்தம், 100 கேவிஏ. பவர் ஃபேக்டர் 0.8 என்றால் அடிப்பக்கம், அதாவது வேலை செய்யும் பங்கு, 80 கிலோவாட். செங்குத்துப் பக்கம் 60, மோட்டாரின் காந்தப்புலத்துக்காகப் போய்ப் போய்த் திரும்பி வருவது. 3-4-5 முக்கோணம், ஒன்பதாவதுக்குள் எல்லோரும் பார்த்தது! கெப்பாசிட்டர் போட்டால் அந்த 60 குறைகிறது, கோணம் சிறுக்கிறது, காஸ் 1-ஐ நோக்கி ஏறுகிறது.

ஒரு பேஸில் 240 வோல்ட் இருப்பது இரண்டு பேஸுக்கு நடுவில் எப்படி 415 வோல்ட் ஆகிறது என்பதும் இதே வட்டம்தான். மூன்று பேஸும் ஒன்றுக்கொன்று 120 பாகை தள்ளி நிற்கும் மூன்று குச்சிகள். ஒவ்வொன்றும் 240 நீளம். இரண்டு நுனிகளுக்கு இடையிலுள்ள தூரம் 2 × 240 × சைன் 60, அதாவது 240 × ரூட் மூன்று, அது 415-க்கும் 416-க்கும் நடுவில். ரூட் மூன்று எங்கிருந்து வந்தது என்று ஐடிஐயில் கேட்டபோது "அது அப்படித்தான், எழுதிக்கோ" என்று பதில் வந்தது. ஸ்கேல் வைத்து ஒரு நாள் இரவு நானே வரைந்து அளந்துகொண்டேன்.

"வகையிடல் சூத்திரம் தெரியும், அது எதற்கு என்று தெரியாது."

கால்குலேட்டரை எடுங்கள். ஒரு வண்டி போன தூரம், மீட்டரில், நொடியின் வர்க்கத்துக்குச் சமம் என்று வைப்போம். மூன்றாம் நொடியில் ஸ்பீடோமீட்டர் என்ன காட்டும்? 3-இலிருந்து 4 வரை சராசரி 7. 3-இலிருந்து 3.1 வரை 6.1. 3.01 வரை 6.01. 3.001 வரை 6.001. இன்னும் நெருங்கினால் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரிகிறது. இதை 5-ஆம் நொடிக்கும் 8-ஆம் நொடிக்கும் கையால் போடுங்கள். 10, 16 வரும். சூத்திரத்தை அதற்குப் பிறகு பாருங்கள்.

"தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலப் பாடம் ஓடவில்லை." அல்லது மறுபுறம்.

ஒரே பாடத்தின் தமிழ், ஆங்கிலப் புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். படமும் கணக்கும் ஒரே வரிசையில் வருவதால் சொல்லைத் தேட வேண்டியதில்லை. உந்தம் எதிரே மொமெண்டம் நிற்கும், நிலைமம் எதிரே இனர்ஷியா நிற்கும்.

அதைவிடக் கவனிக்க வேண்டியது, நமக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள்தான். வேலை, திறன், ஆற்றல், எடை. ஒரு மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் நின்றால் உயிர் போகும். இயற்பியல் கணக்கில் மோட்டார் மேல் செய்த வேலை பூஜ்ஜியம், ஏனென்றால் அது நகரவில்லை. திறன் என்றால் கெட்டிக்காரத்தனம் இல்லை, ஒரு நொடியில் எவ்வளவு வேலை என்பது. எடை என்பது விசை, நியூட்டனில் சொல்ல வேண்டும். தராசு காட்டும் கிலோ நிறை. புத்தகத்தில் இந்த நாலு சொல் வரும்போதெல்லாம் முதல் மாதம் அடிக்கோடு போடுங்கள்.

"கணக்கு வருகிறது, ஆனால் நம்பிக்கை வரவில்லை."

கையால் அளந்து பார்த்தால்தான் வரும். ஒரு பூட்டு, ஒரு நூல், போனில் ஸ்டாப்வாட்ச். கதவு நிலையில் ஆணியில் தொங்கவிட்டு, லேசாக இழுத்து விட்டு, போய்வரும் 20 அலைவுகளுக்கு நேரம் பாருங்கள். பை-யின் வர்க்கத்தை 4-ஆல் பெருக்கினால் 39.48. அதை மீட்டரில் எழுதிய நீளத்தால் பெருக்கி, ஓர் அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம்.

எனக்கு முதல் நாள் 9.4 வந்தது. நேரம் சரிதான், 20 அலைவுக்கு 40.1 நொடி. நீளம் 96 செ.மீ. என்று அளந்திருந்தேன், ஆணியிலிருந்து முடிச்சு வரை. அளக்க வேண்டியது பூட்டின் நடு வரை, அது இன்னும் 4 செ.மீ. கீழே. 100 செ.மீ. போட்டதும் 9.8. உங்களுக்கு 11-ஐ ஒட்டி வந்தால் நீளத்தைத் தொடாதீர்கள், எண்ணிக்கையைப் பாருங்கள். பூட்டை விடும்போதே "ஒன்று" என்று ஆரம்பித்திருப்பீர்கள், அப்போது 19 அலைவைத்தான் 20 என்று எண்ணியிருப்பீர்கள். விடும்போது "பூஜ்ஜியம்" என்று சொல்ல வேண்டும்.

"சின்னப் பசங்க புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார வெட்கமாக இருக்கிறது."

என் பெண் பத்தாவது படிக்கும்போது ஒரு நாள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இது எட்டாவது புக்கு தானே?"

"ஆமாங் கண்ணு. இதுல ஒரு இடம் எனக்குச் சரியா வரல."

"எந்த இடம்?"

காரணிப்படுத்தலில் நடு உறுப்பைப் பிரிப்பதைக் காட்டினேன். உட்கார்ந்து இரண்டு கணக்கு போட்டுக் காட்டினாள். மூன்றாவதை நான் போட்டேன். அவள் டிக் அடித்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் வெட்கம் எனக்குத் தோன்றவில்லை.

"வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது."

புதுப் பாடத்தை இரவில் தொடாதீர்கள். இரவுக்கு ஏற்கனவே போட்ட கணக்கைத் திரும்பப் போடுவது, தப்பு நோட்டைப் புரட்டுவது போதும். புதுப் பாடம் ஷிப்டுக்கு முன்னால், டீ குடித்த கையோடு 40 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட இது எனக்கு ஒத்துவந்தது. முடிக்கும்போது ஒரு கணக்கைப் பாதியில், அடுத்த வரி என்ன என்று தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் உட்கார்ந்ததும் கை ஓடத் தொடங்கிவிடும்.

"பத்து நாள் விட்டுப்போச்சு. ஊர்த் திருவிழா, ஓவர்டைம், காய்ச்சல்."

விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டு பாடம் பின்னால் போய், ஏற்கனவே போட்ட கணக்குகளில் நாலைந்தைத் தாளால் மூடி வைத்துப் போடுங்கள். இரண்டு நாளில் பழைய இடத்துக்கு வந்துவிடுவீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் மேலே கொடுத்த ஒன்பதையும் மறுபடி ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.